தாத்தா விட்டுவைத்த ஓரச் சோளம்

2023-ஐ சிறுதானிய ஆண்டு என்று ஐ.நா. சபை அறிவித்ததிலிருந்து எங்கள் வீட்டில் வாரத்துக்கு ஒரு நாள் சோள தோசை. மருமகள் கடையிலிருந்து பாக்கெட்டில் வாங்கி வருகிறாள். ஒரு கிலோ விலையைக் கேட்டால் என் தாத்தா மயக்கம் போட்டு விழுந்திருப்பார். தோசையைப் பிய்க்கும்போதெல்லாம் எனக்கு இரண்டு சோளக் கொல்லைகள் நினைவுக்கு வரும். ஒன்று மண்ணாடிப்பட்டு கொம்யூனில் எங்கள் தாத்தாவின் கொல்லை. இன்னொன்று பிரான்சில், போஸ் சமவெளியில், 2014 அக்டோபரில் நான் பார்த்தது. இரண்டுக்கும் நடுவில் நான் சொன்ன ஒரு பொய்யும் இருக்கிறது. அதையும் இன்று எழுதிவிடுகிறேன்.

தாத்தாவுக்கு இருந்தது ஒன்றரைக் காணி மேட்டுக் கொல்லை. பிரெஞ்சுக் கணக்கில் சுமார் 80 ஆர். வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் புதுச்சேரிக் காணி 100 குழி, அதாவது 53 ஆரும் கொஞ்சமும். மல்லாட்டை ஒரு வருஷம், கம்பும் சோளமும் ஒரு வருஷம் என்று மாற்றி மாற்றிப் போடுவார். அந்தக் காலத்துச் சோளம் ஆள் உயரத்தைத் தாண்டி இன்னும் அரை ஆள் நிற்கும். உள்ளே நாங்கள் புகுந்துவிட்டால் குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

தை மாதம் கதிர் அறுப்பார்கள். கதிரை அறுத்துக் களத்துக்குக் கொண்டுபோன பிறகு தட்டையை அறுத்து மாட்டுக்குப் போர் போடுவார்கள். ஆனால் கொல்லையின் மேற்கு ஓரத்தில், ஓடையை ஒட்டி, நாலு சால் அகலத்துக்குத் தாத்தா அரிவாள் வைக்க விடமாட்டார். கதிரோடு அப்படியே நிற்கும். காய்ந்து, சாய்ந்து, பங்குனி சித்திரை வரைக்கும் இருக்கும். கூலிக்கு வந்த பெண்கள் கேட்டால், "அது கறையான் தின்னிக்குக் கூலி" என்பார்.

கறையான் தின்னி என்று அவர் சொன்னது கௌதாரியை. எங்கள் செம்மண்ணில் கறையான் அதிகம். மல்லாட்டைச் செடியை வேரோடு தின்றுவிடும். கௌதாரி புற்றைக் கீறிக் கறையானைத் தின்னும். அது தங்க மறைவும் கோடையில் பொறுக்க நாலு மணியும் கொடுத்தால் நம் கொல்லையை விட்டுப் போகாது என்பது அவர் கணக்கு. தருமம் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. அவருக்கு எல்லாம் கூலிக் கணக்குதான்.

அந்தக் கொல்லையில் என்னோடு கூடவே திரிந்தவன் என் சித்தப்பா மகன். என்னைவிட ஒரு வயது சின்னவன். பிறந்தது சைகோனில். சித்தப்பா அங்கே பிரெஞ்சு உத்தியோகத்தில் இருந்தார். சித்தி இறந்துபோகவே, 1955-இல் ஐந்து வயதுப் பையனைத் தாத்தாவிடம் கப்பலில் அனுப்பிவைத்தார். வந்தபோது தமிழ் சரியாக வராது. ஆறு மாதத்தில் என்னைவிட நன்றாக வைதான்.

இரண்டு பேரும் ஒரே பள்ளி, ஒரே பெஞ்சு. எல்லாப் பாடமும் பிரெஞ்சில்தான். ஒரு நாள் திக்தேயில், அதாவது ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதும் பயிற்சியில், 'பெர்த்ரி' என்ற சொல் வந்தது. ஒருமையிலேயே கடைசியில் ஓர் எக்ஸ் எழுத்து உண்டு. அதை உச்சரிக்கக் கூடாது, ஆனால் எழுத வேண்டும். நான் எழுதவில்லை. மார்க் போயிற்று. அது என்ன பறவை என்று ஆசிரியரிடம் கேட்டோம். லா ஃபொந்தேன் கதைப் புத்தகத்தில் முயலும் பெர்த்ரியும் வரும் படத்தைக் காட்டினார். தம்பி உடனே என் காதில், "அண்ணே, இது நம்ம தாத்தாவோட கௌதாரிடா" என்றான். அண்ணே என்றும் டா என்றும் ஒரே வாக்கியத்தில் சொல்வது அவன் வழக்கம். கடைசி வரைக்கும் அது மாறவில்லை.

1960 பங்குனி விடுமுறையில் நாங்கள் இருவரும் அந்த ஓரச் சோளத்தில் கண்ணி வைத்தோம். குதிரைவால் முடியைத் திரித்துச் செய்த கண்ணி. ஊரில் ஒரு பெரிய பையன் கற்றுக்கொடுத்தான். மறுநாள் காலையில் ஒரு பெட்டை கௌதாரி காலில் மாட்டிக்கொண்டு கிடந்தது. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினோம். தாத்தா கறி தின்னாதவர் இல்லை. மார்கழியில் யாராவது கௌதாரி கொண்டுவந்தால் மிளகு போட்டு வறுக்கச் சொல்வார். ஆனால் அன்று அதன் வயிற்றைத் தடவிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "அடைகாக்குதுடா. வயித்துல முடியே இல்ல பாரு" என்றார். எங்களை முன்னால் நடக்கவிட்டுக் கொல்லைக்குக் கூட்டிப்போனார். காய்ந்த தட்டைக்கு அடியில், ஒரு சின்னப் பள்ளத்தில் ஏழு முட்டை. பெட்டையைக் கொஞ்சம் தள்ளி விடச்சொன்னார். அது பறக்கவில்லை. குனிந்தபடி சால் வழியாக ஓடி மறைந்தது.

அடிப்பார் என்று நினைத்தோம். அடிக்கவில்லை. "முட்டைக் காலத்துல கண்ணி வச்சவன் கொல்லையில கறையான்தான் விளையும்" என்று மட்டும் சொன்னார். அது திரும்பி வந்து அடையில் உட்கார்ந்ததா என்று பார்க்கக்கூட எங்களை விடவில்லை. போனால் பயந்து முட்டையை விட்டுவிடும் என்றார். அதனால் எனக்கு இன்றுவரை அந்த ஏழு முட்டையின் கதை தெரியாது.

இரண்டு வருஷம் கழித்து, 1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதி, புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. இங்கே பிறந்து இங்கேயே இருந்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதித் தரவேண்டும். எங்கள் அப்பா எழுதித் தரவில்லை. "நிலத்தை விட்டுட்டு எங்கடா போறது" என்றார். தம்பியோ வெளியில் பிறந்தவன், அவன் அப்பாவும் வெளியில். அவன் பிரெஞ்சுக்காரனாகவே இருந்தான். ஒரே பாயில் படுத்தவர்கள், ஒருவன் இந்தியன், ஒருவன் பிரெஞ்சு. சித்தப்பா தன் பாகத்தை என் அப்பாவுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டார். 1968-இல் தம்பி பிரான்சுக்குப் போய் ராணுவத்தில் சேர்ந்தான். புறப்படும் முன்பு கொல்லைக்குப் போய் நின்றுவிட்டு வந்து, "அண்ணே, இத மட்டும் வித்துடாதடா" என்றான். நான் சிரித்தேன். எனக்குப் பத்தொன்பது வயது. விற்பதாவது!

எனக்கு அரசாங்கத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. பழைய பிரெஞ்சுப் பத்திரங்களைப் படித்துச் சொல்ல ஆள் தேவைப்பட்டது. மற்றவர்கள் நிலத்தின் எல்லைகளை முப்பது வருஷத்துக்கு மேல் எழுதினேன். எங்கள் நிலத்தின் கதை இப்படிப் போயிற்று. தாத்தா 1971-இல் போனார். அப்பா காலத்தில் சோளம் நின்று சவுக்கு வந்தது. சவுக்கு நட்டால் ஆள் வேண்டாம், தண்ணீர் வேண்டாம், நாலு வருஷத்தில் பணம். 1996-இல், பெண்ணின் கல்யாணத்துக்காக, நான் அதை மனை போடுகிறவர் ஒருவருக்கு விற்றேன். பத்திரத்தில் எல்லைகளை நானே என் கையால் வரைவு எழுதினேன். மேற்கே ஓடை.

தம்பிக்கு எழுதவில்லை. சட்டப்படி எழுத வேண்டிய அவசியமும் இல்லை. இதைத்தான் எனக்கு நானே பல முறை சொல்லிக்கொண்டேன். 2003-இல் அவன் குடும்பத்தோடு வந்தான். மூன்றாம் நாள் கொல்லையைப் பார்க்கப் போகலாம் என்றான். "மழையில ரோடு அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு, கார் போகாது" என்றேன். சரி என்று விட்டுவிட்டான்.

2009-இல் ஓய்வு பெற்றேன். 2014-இல் அவன் டிக்கெட் எடுத்து அனுப்பி என்னையும் என் மனைவியையும் வரவழைத்தான். வீடு ஷார்த்ரு நகரத்துக்குப் பக்கத்துக் கிராமம். போஸ் என்பது கோதுமைச் சீமை. ஒரு மேடு இல்லை, வேலி இல்லை, மரம் இல்லை. ஷார்த்ரு தேவாலயத்தின் இரண்டு கோபுரங்கள் பல கிலோமீட்டர் தூரத்திலிருந்தே கோதுமை நிலத்துக்கு மேல் தெரியும். நாங்கள் போன அக்டோபரில் அறுவடை எப்போதோ முடிந்து உழுது போட்டிருந்தார்கள். கண்ணுக்கு எட்டின வரைக்கும் வெறும் மண்.

இரண்டாம் நாள் காலையில், "ஒரு இடம் காட்டுறேன் வாண்ணே" என்று ரப்பர் பூட்ஸ் கொடுத்துக் கூட்டிப்போனான். அந்த வெறும் மண்ணுக்கு நடுவில் நீளமாக ஒரு பச்சையும் பழுப்புமான பட்டை. கிட்டே போனால் சோளம்! என் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான் உயரம். இரும்புக் கம்பி போலத் தண்டு. மேலே சிவந்த கதிர். 'சொர்கோ நேன்' என்றான். குள்ளச் சோளம். இடையிடையே சர்ராசேன், மோஹா, மாட்டுக் கோஸ். மோஹா என்பது வேறு ஒன்றும் இல்லை, நம் தினைதான்.

"யாருக்குடா இது? அறுக்கலையே" என்றேன்.

"பெர்த்ரிக்கு" என்றான்.

அவன் அங்கே ஊர் வேட்டைச் சங்கத்தில் உறுப்பினர். வேட்டைச் சங்கங்களின் மாவட்டக் கூட்டமைப்பு விதை கொடுக்கும். நிலத்தைப் பயிரில்லாமல் விட்ட விவசாயிக்கு ஈட்டுத்தொகையும் கொடுக்கும். 1992-இல் ஐரோப்பாவில் தானியம் அளவுக்கு மீறி விளைந்து, நிலத்தில் ஒரு பங்கைத் தரிசாக விடச் சொன்னார்கள். அப்போதுதான் தரிசில் பறவைக்கும் முயலுக்கும் விதைக்கிற பழக்கம் பரவியது. அந்தத் தரிசுக் கட்டளை பின்னால் எடுக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் பல ஊர்களில் இந்தப் பட்டைகள் தொடர்கின்றன.

ஏன் குள்ளச் சோளம் என்று கேட்டேன். நின்றபடியே ஒரு மணி நேரம் பாடம் நடத்தினான். கோதுமை ஜூலையில் அறுந்துவிடும். அதன் பிறகு இந்தச் சமவெளியில் ஒரு கௌதாரி ஒளிந்துகொள்ள இடமில்லை. வல்லூறும் பருந்தும் மேலிருந்து பார்த்தால் தட்டில் வைத்த மாதிரி தெரியும். மக்காச்சோளம் போட்டால் உயரம் அதிகம், பனிக்காலக் காற்றில் ஒடிந்து விழும். குள்ளச் சோளம் பனியில் பட்டுப்போனாலும் விழாது. பிப்ரவரி வரைக்கும் நிற்கும். சிவப்பு மணியில் துவர்ப்பு அதிகம், அதனால் சிட்டுகள் வந்த உடனே காலி செய்வதில்லை, கடும் பனிக்கு மிச்சம் இருக்கும். மே மாதத்துப் பாதி வரைக்கும் மண் சூடேறக் காத்திருந்து விதைக்க வேண்டும். குளிர்ந்த மண்ணில் போட்டால் முளைக்காது, அது வெயில் நாட்டுப் பயிர். நெருக்கி விதைக்கவே கூடாது.

"குனிஞ்சு பாருண்ணே" என்றான்.

முட்டி வலியோடு குனிந்து பார்த்தேன். மேலே இலை கூரை போல மூடியிருந்தது. கீழே சாலுக்குச் சால் திறந்த மண், தெரு மாதிரி. பறவை ஓடலாம், மேலிருந்து யாருக்கும் தெரியாது. நெருக்கமாக இருந்தால் பனிநீரில் நனைந்து குஞ்சு செத்துப்போகும், இப்படி இருந்தால் உலர்ந்த இடம் கிடைக்கும் என்றான். குஞ்சு பொரித்த முதல் இரண்டு வாரம் அதற்குத் தானியம் வேண்டாம், பூச்சி வேண்டும், அதனால் இந்தப் பட்டையில் மருந்து அடிப்பதில்லை என்றான். நான் ஒன்றும் பேசவில்லை. கறையான் தின்னிக்குக் கூலி என்று தாத்தா சொன்னது காதில் கேட்டது.

"இளசுல மாடு மேஞ்சா?" என்று சோதித்தேன்.

"வயிறு ஊதிச் சாவும். தாத்தா நம்மள அதுக்குத்தான் காவல் வப்பாரு" என்றான். சோளத்தின் இளம்பயிரிலும் மறுதாம்பிலும் விஷம் உண்டு என்பது எங்கள் ஊரில் மாடு மேய்க்கிற பிள்ளைக்கும் தெரியும். போஸிலும் அதே எச்சரிக்கைதான்.

எனக்கு ஒரு விஷயம் நினைத்துச் சிரிப்பு வந்தது. இந்தியாவின் முதல் கலப்பினச் சோளம் சி.எஸ்.எச். 1 வெளிவந்தது 1964-இல். குட்டைச் சோளம். அமெரிக்காவில் அறுவடை இயந்திரத்துக்கு ஏற்றபடி உயரம் குறைத்த இனங்களின் வாரிசு. சில வருஷத்தில் எங்கள் ஊருக்கும் கிராம சேவக் அதன் புகழைப் பாடிக்கொண்டு வந்தார். தாத்தா கையால் அளந்து பார்த்துவிட்டு, "மணி உனக்கு, மாட்டுக்கு என்ன போடுவேன்?" என்று அனுப்பிவிட்டார். தட்டை இல்லாத சோளம் அவருக்குச் சோளமே இல்லை. அவர் வேண்டாம் என்று சொன்ன குட்டைதான் இங்கே அவருடைய ஓரச் சோளத்தின் வேலையைச் செய்துகொண்டு நிற்கிறது.

"சுடுவதற்குத்தானே வளர்க்கிறீர்கள்?" என்றும் கேட்டேன். மறைக்கவில்லை. ஆமாம், சுடுவோம் என்றான். ஆனால் மார்ச்சில் நிலம் நிலமாகப் போய் ஜோடிகளை எண்ணுவார்கள். 100 ஹெக்டேருக்கு எத்தனை ஜோடி, கோடையில் எத்தனை குஞ்சு தேறியது என்று பார்த்து, அந்த வருஷம் எத்தனை சுடலாம் என்று முடிவாகும். குஞ்சு தேறாத வருஷம் துப்பாக்கி அலமாரியில். அந்த வருஷமும் அப்படித்தான் என்றான். எனக்கு முழுச் சமாதானம் இல்லை. மார்கழியில் மிளகு வறுவல், பங்குனியில் கண்ணி கூடாது என்ற தாத்தாவின் சட்டத்துக்கு இது எவ்வளவு தூரம் என்று யோசித்தேன். அதிக தூரம் இல்லை.

பட்டையின் கடைசிக்குப் போனபோது எங்கள் காலடியிலிருந்து ஒரு கூட்டம் வெடித்த மாதிரி எழும்பியது. பத்துப் பன்னிரண்டு இருக்கும். தாழப் பறந்து, உழுத நிலத்தில் இறங்கி, ஓட ஆரம்பித்தன. நம் கௌதாரிக்குத் தொண்டையில் கருப்பு வளையம் இருக்கும், இரவில் முள்மரத்தில் ஏறிக்கொள்ளும். இதற்கு முகம் செம்மஞ்சள், ராத்திரியும் தரையில்தான். ஆனால் ஓட்டம் ஒன்றே. குனிந்த தலை, வேகமான கால். இந்தக் கூட்டத்துக்குப் பிரெஞ்சில் 'கொம்பாஞி' என்று பெயர். நம் ஊரை ஆண்ட கொம்பாஞியும் அதே சொல்தான்.

"60 ஆர் இருக்கும்ணே இது. ஒரு காணிக்குக் கொஞ்சம் மேல" என்றான். பிறகு, "கூட்டத்துல எடம் கேட்டப்ப, எங்க தாத்தா நாலு சால் விடுவாருன்னு சொன்னேன். சிரிச்சானுங்க. அப்புறம் குடுத்தானுங்க" என்றான்.

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. அந்த ஈர மண்ணில் நின்றபடி சொல்லிவிட்டேன். கொல்லை இல்லை, 1996-லேயே விற்றுவிட்டேன், உன்னிடம் ரோடு சரியில்லை என்று சொன்னது பொய் என்றேன்.

அவன் கொஞ்ச நேரம் சோளக் கதிரை உருவிக்கொண்டிருந்தான். "தெரியும்ணே. 2003-லயே தெரியும். ஏப்ரல் மாசம் வந்தேன். ஏப்ரல்ல ஏதுடா மழை?" என்றான்.

நான் அழுதேன். அறுபத்தைந்து வயதில், அடுத்தவன் பூட்ஸில் நின்றுகொண்டு. "அப்ப ஏன்டா கேக்கல?" என்றேன். "பொண்ணு கல்யாணத்துக்குக் காசு வேணும்னு என்னைக் கேக்கல நீ. அதுதான் எனக்கு வருத்தம். கொல்லை போனதுல்ல" என்றான். பதில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. முப்பது வருஷம் பத்திரங்களைப் படித்தவனுக்கு அந்த ஒரு வாக்கியத்தைப் படிக்க அவ்வளவு நாள் ஆயிற்று.

ஊர் திரும்பிய பிறகு, விற்றதற்குப் பின் முதல் முறையாக அந்த இடத்துக்குப் போனேன். பாதி மனைகளில் வீடு. மீதி மனைகளில் கல் நட்டு அப்படியே கிடக்கிறது, வாங்கியவர்கள் எங்கோ இருக்கிறார்கள். மேற்கே ஓடை ஓரம் சீமைக்கருவேல் மண்டியிருந்தது. மாலை ஐந்து மணி இருக்கும். கருவேலுக்குள்ளிருந்து அந்தச் சத்தம், படிப்படியாக ஏறி, நிறுத்தாமல். கௌதாரி. வீட்டுக்கு வந்து முதல் வேலையாகத் தம்பிக்குப் போன் போட்டேன். "எத்தனை?" என்றான். பார்க்கவில்லை, சத்தம்தான் என்றேன். "மாசி மாசம் போய் ஜோடி எண்ணு" என்றான்.

அதிலிருந்து வருஷா வருஷம் மாசியில் விடியற்காலை போய் நிற்கிறேன். பக்கத்து மனைக்காரரிடம் சொல்லி, அவர் காலி மனையின் ஓரத்தில் ஆடியில் நாலு சால் சோளம் தூவுகிறேன். வேளாண் அலுவலகத்தில் கிடைக்கிற விதைதான். அறுப்பதில்லை. தெருப் பிள்ளைகளிடம், 1972 சட்டப்படி கௌதாரியைப் பிடிப்பது குற்றம் என்று எழுத்தர் குரலில் சொல்லிவைத்திருக்கிறேன். முட்டைக் கதையையும் சொல்லியிருக்கிறேன். சட்டத்தைவிட அதுதான் அவர்களுக்கு நினைவில் நிற்கிறது.

கொல்லை வைத்திருக்கும் நண்பர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அறுக்கும்போது ஓரத்தில் நாலு சால் விட்டுவையுங்கள். பெரிய நஷ்டம் வராது.

தம்பி மூன்று வருஷத்துக்கு முன் போய்விட்டான். கடைசியாகப் பேசியபோதும் எண்ணிக்கையைத்தான் கேட்டான். அந்த வருஷம் ஒரு ஜோடி. இந்த மாசியில் இரண்டு ஜோடி. அவன் மகளுக்குத் தமிழ் படிக்க வராது. அதனால் பிரெஞ்சில் எழுதி அனுப்பினேன். பெர்த்ரிக்குக் கடைசியில் எக்ஸ் போட்டிருக்கிறேனா என்று ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன்.